டீக்கடைக் கேள்விகள்: பேச்சு மன்றத்தில் தலைமைப் பண்பு பழகுவது பற்றி அடிக்கடி கேட்கப்படுபவை

மதுரையில் ஞாயிறு மாலை கூடும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் ஏழு வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். பகலில் வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மன்றத்தில் கொஞ்ச காலம் வாசலில் நின்று புதியவர்களை வரவேற்கும் வேலை என்னிடம் இருந்தது. அதனால் மீட்டிங் முடிந்து எல்லாரும் டீக்கடைக்கு நகரும்போது சந்தேகங்கள் என் பக்கமாகவே வரும். ஒரே கேள்விக்கு நாற்பதாவது தடவையாகப் பதில் சொன்ன அன்று, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"டோஸ்ட்மாஸ்டர்ஸ்னா என்னண்ணே? பிரெட் டோஸ்ட் போடச் சொல்லித் தர்ற கிளாஸா?"

சிரிக்காதீர்கள், இதைக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. விருந்துகளில் யார் எப்போது பேசுவது என்று ஒவ்வொருவராக அழைத்து, நிகழ்ச்சியை நடத்திக் கொடுப்பவருக்கு ஆங்கிலத்தில் 'டோஸ்ட்மாஸ்டர்' என்று பெயர். நம் ஊர் விழாக்களில் தொகுத்து வழங்குபவர் மாதிரி. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா ஆனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 1924 அக்டோபர் 22 அன்று ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கூட்டிய ஒரு சின்ன மன்றத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் மன்றங்கள் இருக்கின்றன.

இங்கே வாத்தியார் கிடையாது. உறுப்பினர்களே பேசுவார்கள், உறுப்பினர்களே திருத்தம் சொல்வார்கள், நாற்காலியை அடுக்குவதும் அவர்களே. 18 வயது நிறைந்திருந்தால் போதும், படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை.

"ரெண்டு மணி நேரம் உள்ள உக்காந்து என்னதான் பண்றீங்க?"

மூன்று பகுதி. முதலில் தயாரித்து வந்த உரைகள், பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். அடுத்தது 'டேபிள் டாபிக்ஸ்'. உங்கள் பெயரைக் கூப்பிட்டு ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். யோசிக்க அவகாசம் இல்லாமல் 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். ஒருமுறை எனக்கு வந்த தலைப்பு 'கரண்ட் போன ராத்திரி'. கடைசியாக, பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் எழுந்து என்ன நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று 2 முதல் 3 நிமிடத்தில் சொல்வார்.

இவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொறுப்புகள் உண்டு. நிகழ்ச்சியை நடத்த ஒருவர், நேரம் பார்க்க 'டைமர்' ஒருவர், மொழியைக் கவனிக்க ஒருவர். 'ஆ-கவுண்டர்' என்று இன்னொருவர், தேவையில்லாமல் வரும் ஒலிகளையும் சொற்களையும் எண்ணிக்கொண்டே இருப்பார். நம் ஊரில் அவருக்கு முக்கிய வேட்டை 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா'. என் முதல் உரையில் 23 'வந்து'. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, "அவ்வளவு கம்மியாவா?" என்று கேட்டாள் என் மனைவி.

"பேசப் பழகுற இடம்தானே? இதுல தலைமைப் பண்பு எங்கிருந்து வரும்?"

நான் வாசலில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பேச்சிலிருந்து வருவதில்லை என்பதே என் பதில். மேடையில் நிற்கிற ஏழு நிமிடத்தில் பழகுவது பேச்சு. மீதி நேரத்தில் நடப்பதுதான் மற்றது: வராமல் போனவரின் இடத்தை நிரப்புவது, மூத்தவரிடம் நேரமாகிவிட்டது என்று சொல்வது, புதிதாக வந்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பேச வைப்பது.

இங்கே யாரும் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை, யாரும் யாரையும் வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. அப்படிப்பட்ட இருபது பேரை வைத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சியைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடிக்க வேண்டும். கடையில் முதலாளி சொன்னால் பையன் ஓடுகிறான், இங்கே ஓட மாட்டான். ஓட வைப்பதற்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. எந்தெந்த வழி என்று கீழே வருகிற கேள்விகளில் சொல்கிறேன்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. வந்தா கேலி பண்ணுவாங்களா?"

எங்கள் மன்றத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஓடும். முழுக்கத் தமிழிலேயே நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களும் உண்டு. ஆங்கிலம் பழகத்தான் வருகிறீர்கள் என்றால் தாராளமாகத் தப்புத் தப்பாகப் பேசுங்கள், அதற்குத்தான் இடம். ஆனால் முதல் மூன்று நான்கு உரைகளைத் தமிழில் பேசுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பயம், மொழி இரண்டையும் ஒரே நாளில் தூக்கினால் தோள் வலிக்கும்.

"மைக்கைப் பாத்தாலே கை நடுங்குது. என்ன செய்றது?"

நடுங்கட்டும். முழுத்தாளில் குறிப்பு எழுதிக்கொண்டு போகாதீர்கள். கை கொஞ்சம் ஆடினால் தாள் பத்து மடங்கு ஆடும், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பாதியை வெட்டி நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். கால் மணி நேரம் முன்னாலேயே வந்து, யாரும் இல்லாதபோது பேசப்போகும் இடத்தில் ஒரு தடவை நின்று பாருங்கள்.

முதல் உரைக்கு 'ஐஸ் பிரேக்கர்' என்று பெயர். 4 முதல் 6 நிமிடம், தலைப்பு நீங்களேதான். உங்கள் கதையில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாது. எங்கள் மன்றத்தில் ஒருவர் ஒன்றரை நிமிடத்தில் "அவ்வளவுதாங்க" என்று இறங்கிவிட்டார். எல்லாரும் கைதட்டினோம். அதே உரையை அடுத்த மாதம் மறுபடி பேசினார், அப்போது மூன்று நிமிடம் தாண்டியது. இப்போது அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.

"டைமர் வேலை கொடுத்திருக்காங்க. அட்டையைத் தூக்கிக் காட்டவா நான் வந்தேன்?"

ஆமாம், அதற்கும்தான். 5 முதல் 7 நிமிட உரை என்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. போட்டிகளில் ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் தகுதி போய்விடும். கேட்கச் சுலபம். செய்யும்போதுதான் தெரியும்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி அன்று டைமர். பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஏழு நிமிடம் ஆனது. அவள் சிவப்பு அட்டையை மேசைக்கு மேல் பாதி தூக்கினாள், உடனே இறக்கினாள். மறுபடி தூக்கினாள். அவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். ஒன்பது நிமிடம் தாண்டியது. கடைசியில் டைமர் அறிக்கை சொல்ல எழுந்தபோது, எல்லார் நேரத்தையும் படித்துவிட்டு, அவருடையதை மட்டும் "ஐயாவோட நேரம் கொஞ்சம் கூட" என்று முணுமுணுத்து உட்கார்ந்துவிட்டாள். டீக்கடையில் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "அட்டையைக் காட்டுறது அவரை அவமானப்படுத்த இல்லைம்மா. அவருக்கு அடுத்து பேச ரெண்டு பேர் காத்திருந்தாங்க."

ஒரு மாதம் கழித்து அதே இருவர், அதே பொறுப்பு. இந்தத் தடவை சிவப்பு அட்டையை நெற்றி உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றாள். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, இறங்கினார். "நாப்பது வருஷமா நான்தான் மத்தவங்களை உக்காருன்னு சொல்லியிருக்கேன். என்னை உக்கார வெச்ச முதல் ஆள் நீதாம்மா" என்றார் பிறகு. அவருக்கு அது சந்தோஷமா வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறே முக்கால் நிமிடத்தில் முடித்துவிடுகிறார்.

"நம்ம மதுரையில இல்லாத பட்டிமன்றமா? அதுல கத்துக்காததை இங்க என்ன கத்துக்கப் போறோம்?"

மதுரைக்காரர் இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய ஊர் இது. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த சாலமன் பாப்பையா ஐயா பட்டிமன்ற நடுவராகவே வீட்டுக்கு வீடு தெரிந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கோயில் திருவிழா என்றால் ஒரு நாள் பட்டிமன்றம் இல்லாமல் முடியாது. நானும் ராத்திரி ஒரு மணி வரை தரையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன்தான்.

வித்தியாசம் இரண்டு. அங்கே ஆயிரம் பேர் கேட்க, ஏழு பேர் பேசுவார்கள். இங்கே இருபது பேர் கேட்க, அதே இருபது பேரும் மாறி மாறிப் பேசுவார்கள். இன்னொன்று, பட்டிமன்றத்தில் பேசி இறங்கியவரிடம், "நடுவுல மூணு நிமிஷம் எங்களை விட்டுட்டீங்க" என்று யாரும் சொல்வதில்லை. கைதட்டல்தான் மதிப்பெண். பட்டிமன்றம் கேட்டே பேச்சு பழகியவர்கள் இங்கே வந்தால் முதலில் கொஞ்சம் தடுமாறுவார்கள். குரலை ஏற்றி, கடைசிச் சொல்லில் நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்திருப்பார்கள். இருபது பேர் உள்ள வகுப்பறையில் அது வராது.

ஆனால் பட்டிமன்றத்தில் தலைமையைப் பார்க்க வேண்டுமா, பேச்சாளர்களை விடுங்கள், நடுவரைக் கவனியுங்கள். ஆறு பேர் பேசுவதையும் கடைசி வரை கேட்க வேண்டும். ஒருவர் எல்லை மீறும்போது ஒரு சிரிப்பில் இழுத்துப் பிடிக்க வேண்டும். சோர்ந்துபோன அணிக்கு ஒரு வரி தூக்கிவிட வேண்டும். தீர்ப்பு சொல்லும்போது தோற்ற அணியும் தலையாட்டும்படி சொல்ல வேண்டும். எங்கள் மன்றத்தில் கூட்டம் முழுவதையும் மதிப்பிட 'ஜெனரல் எவாலுவேட்டர்' என்று ஒரு பொறுப்பு உண்டு. புதியவர்களுக்கு அதை விளக்க, "நடுவர் மாதிரி, ஆனா ஜோக் கட்டாயமில்லை" என்றுதான் சொல்வேன்.

"வயசுல பெரியவங்க பேசினா எப்படிக் குறை சொல்றது? மரியாதையா இருக்காதே!"

நான் இதில் ஒரு தடவை நன்றாகவே வழுக்கியிருக்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், எங்களிடம் சேர்ந்தார். அவருடைய இரண்டாவது உரைக்கு நான் மதிப்பீட்டாளர். விடியற்காலை மல்லிகை ஏலம் எப்படி நடக்கிறது என்று அழகாகப் பேசினார். நான் எழுந்து, அழகு என்று ஒரு வரி சொல்லிவிட்டு, ழகரம் வரவில்லை என்று உதாரணங்களோடு இரண்டு நிமிடம் பிரித்து மேய்ந்தேன். அடுத்த மூன்று வாரம் அவர் வரவில்லை.

நாலாவது வாரம் கடைக்கே போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, ழகரம் எனக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு என் பொண்ணு கூட வந்திருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை நான் வாசலில் வரவேற்றிருந்தேன். யாரோடு வந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து பேசப்போகிறவரிடம் முன்னாலேயே போய், "இன்னைக்கு நான் எதைக் கவனிக்கணும்னு சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். அவர் கேட்டதை மட்டும் சொன்னால் அது குறையாகப் படாது. முன்னும் பின்னும் பாராட்டு வைத்து நடுவில் குறையை ஒளித்துவைக்கும் முறை ஒன்றை எல்லா மன்றத்திலும் சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஆட்களிடம் அது எடுபடுவதில்லை என்பது என் கருத்து. முதல் பாராட்டு வரும்போதே, "சரி, விஷயத்துக்கு வா" என்று முகம் சொல்லிவிடும். அதற்குப் பதில் நான் பார்த்தது, அது எனக்கு எப்படி இருந்தது, அடுத்த தடவை செய்து பார்க்க ஒன்று என்று சொல்லலாம். "கதைக்கு நடுவுல கடிகாரத்தைப் பாத்தீங்கண்ணே. எனக்குக் கதை முடியப்போகுதுன்னு தோணிடுச்சு. அடுத்த தடவை டைமரை மட்டும் பாருங்களேன்." கடையில் வேலை செய்யும் பையனிடம் பேசவும் இதே முறைதான் எனக்கு இப்போது கைகொடுக்கிறது.

"பொம்பளைப் பிள்ளைங்க வர்றாங்களா? ராத்திரி நேரமாகுமே?"

வருகிறார்கள், எங்கள் மன்றத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுகிறோம். நேரத்துக்கு முடிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு டைமர் கேள்வியில் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பே 1973 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஹெலன் பிளாஞ்சார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970-இல் 'ஹோமர்' என்ற ஆண் பெயரில் பதிவு செய்துகொண்டு உறுப்பினரானார். அவரே 1985-இல் உலக அமைப்பின் முதல் பெண் தலைவராகவும் வந்தார்.

"எவ்வளவு ஆகும்? காசு கட்டாமப் பழக முடியாதா?"

2023 அக்டோபர் முதல் உலக அமைப்புக்குக் கட்டும் சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர். புதிதாகச் சேரும்போது ஒரே ஒரு தடவை 20 டாலர் தனியாக. ரூபாயில் பார்த்தால் ஆறு மாதத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் வந்துவிடும். ஹால் வாடகை, டீ என்று மன்றம் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கும். நம் ஊர்ச் சம்பளத்துக்கு இது சின்னத் தொகை இல்லை, மழுப்ப மாட்டேன்.

விருந்தினராக வந்து பார்க்கப் பணம் கிடையாது. இரண்டு மூன்று தடவை வாருங்கள், முடிந்தால் வேறு மன்றத்தையும் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். கட்டவே முடியாது என்றால் கடைசிக் கேள்வியைப் படியுங்கள்.

"கமிட்டியில பேர் சேர்த்துட்டாங்க. பதவின்னா என்ன செய்யணும்?"

ஏழு பொறுப்பாளர்கள். தலைவர், கல்விக்கு ஒரு துணைத் தலைவர், உறுப்பினர் சேர்க்கைக்கு ஒருவர், விளம்பரத்துக்கு ஒருவர், செயலாளர், பொருளாளர். ஏழாவது ஆளுக்கு 'சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ்' என்று போலீஸ் மாதிரிப் பெயர். வேலை நாற்காலி, மைக், கதவுச் சாவி. பெரும்பாலான மன்றங்களில் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை பதவிக்காலம். அப்புறம் தலைவர் இறங்கிவிட வேண்டும். தலைமை கற்றுக்கொள்ள மன்றம் வைத்திருப்பதிலேயே எனக்குப் பிடித்த ஏற்பாடு இந்த இறங்குதல்தான்.

எந்தப் பதவியில் அதிகம் கற்கலாம் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கல்வித் துணைத் தலைவர் என்பேன். நிகழ்ச்சி நிரல் அவர் கையில். வெள்ளிக்கிழமை இரவு நிரல் நிரம்பியிருக்கும். சனிக்கிழமை காலை ஒருவருக்குக் காய்ச்சல், மதியம் ஒருவருக்கு ஊரில் காதுகுத்து, சாயங்காலம் ஒருவர் போனையே எடுக்க மாட்டார். நான் அந்தப் பொறுப்பில் இருந்த சித்திரைத் திருவிழா வாரம் நினைவிருக்கிறது. ஒன்பது பேரில் ஆறு பேர் கழன்றுகொண்டார்கள். குரூப்பில் "யாராவது ரோல் எடுக்க முடியுமா?" என்று போட்டேன். பதினெட்டு பேர் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். "அக்கா, நீங்க கணக்குல புலி, நாளைக்கு டைமர் நீங்க எடுத்தா நல்லா இருக்கும்" என்று கேட்டதும் உடனே சரி என்றார். பொதுவாக எல்லாரையும் கேட்டால் யாரையும் கேட்கவில்லை என்று அர்த்தம் என்பது அன்று புரிந்தது. கூட்டம் நடந்தது, பதினோரு பேரோடு.

"பதவியில இருக்கேன், ஆனா யாரும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?"

நீங்கள் அவர்கள் பேச்சைக் கேட்டீர்களா என்று திருப்பிக் கேட்க மாட்டேன், அது சுலபமான பதில். முதலில் குரூப்பில் உத்தரவு போடுவதை நிறுத்துங்கள்; மேலே சொன்ன மாதிரி ஒருவரிடம் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, ஏன் அவர் என்பதையும் சொல்லுங்கள். மூன்றாவது, வேலையைக் கொடுத்தபின் கையை விடுங்கள். எங்கள் பழைய தலைவர் ஒருவர் போஸ்டர் செய்யச் சொல்லிவிட்டு, எழுத்தின் நிறம்வரை அவரே மாற்றுவார். இரண்டு மாதத்தில் போஸ்டரையும் அவரே செய்துகொண்டிருந்தார்.

சொன்ன வேலையை ஒருவர் செய்யவே மாட்டேன் என்கிறார் என்றால், தனியே டீக்கடையில் கேளுங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள். பாதி நேரம் காரணம் மன்றத்தில் இருக்காது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, கடையில் ஆள் இல்லை, இல்லாவிட்டால் உங்கள் ஒரு சொல் எங்கேயோ தைத்திருக்கும். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

"அப்ப நல்லாப் பேசுறவங்க எல்லாம் நல்ல தலைவர்கள்தானே?"

இல்லை. எங்களிடம் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய ஒருவர் இருந்தார். அவர் பேசும்போது ஊசி விழுந்தால் கேட்கும். மற்றவர் பேசும்போது அவர் போனைத் தடவிக்கொண்டிருப்பார். அவர் தலைவராக இருந்த வருடம் மன்றத்தை விட்டுப் போனவர்கள் அதிகம். அதற்கு அடுத்த வருடத் தலைவி சுமாராகத்தான் பேசுவார், இன்றும் சுமார்தான். ஆனால் மூன்று வாரம் வராத உறுப்பினருக்கு அவரிடமிருந்து போன் போகும்.

"வேலைக்கு உதவுமா? ரெசியூம்ல போடலாமா?"

போடலாம். 'பாத்வேஸ்' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பாதையிலும் ஐந்து நிலை. ஒரு நிலை முடிந்தால் ஒரு சான்றிதழ். எல்லாம் முடித்து, பொறுப்புகளும் எடுத்து மேலே போனால் 'டிஸ்டிங்விஷ்டு டோஸ்ட்மாஸ்டர்' என்ற பட்டம் வரை உண்டு.

ஆனால் நேர்முகத் தேர்வில் கேட்பவருக்குப் பட்டத்தின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. "ஒரு வருடம் வாராவாரம் இருபது பேர் கூட்டத்துக்கு ஆள் ஏற்பாடு செய்தேன், ஒரு வாரம்கூட ரத்தாகவில்லை" என்று சொன்னால் அவருக்குப் புரியும். சான்றிதழைவிட அந்த ஒரு வரி கனம்.

"ஆறு மாசமா வர்றேன். ஒண்ணும் மாறின மாதிரி தெரியலையே?"

எத்தனை பொறுப்பு எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பின்வரிசையில் உட்கார்ந்து ரசித்த ஆறு மாதமாக இருக்கும். உரை மாதத்துக்கு ஒன்று, சின்னப் பொறுப்பு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உரையைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தால் இப்போது கேளுங்கள். வைத்திருக்கவில்லை என்றால் அடுத்ததைப் பதிவு செய்யுங்கள்.

இரண்டையும் செய்தும் மாற்றம் இல்லை என்றால் மன்றத்தில் கோளாறாக இருக்கலாம். எல்லா உரைக்கும் "சூப்பர், அருமை" என்று மட்டுமே மதிப்பீடு வருகிற மன்றங்கள் உண்டு. அங்கே கற்க எதுவும் இல்லை, வேறு மன்றம் பாருங்கள்.

"அரசியல், சாதி, சாமி எல்லாம் பேசலாமா?"

எங்கள் மன்றத்தில் கட்சி, சாதி இரண்டும் வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஒருவர் எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று தொடங்கி, எட்டாவது நிமிடத்தில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் இந்த முடிவு. சாமியைப் பற்றிப் பேசலாம், மற்றவர் சாமியைப் பற்றித்தான் வேண்டாம். இப்படி ஒரு உரை தடம் மாறும்போது நடத்துபவர் எழுந்து நிறுத்துவதா, முடியட்டும் என்று விடுவதா? எனக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. நான் நடத்துபவனாக இருந்தால் எழுந்து பக்கத்தில் போய் நிற்பேன். பெரும்பாலும் அதுவே போதும்.

"பையன் பத்தாவது படிக்கிறான். கூட்டிட்டு வரலாமா?"

பார்வையாளனாக வரலாம், உறுப்பினராக முடியாது, 18 வயது வேண்டும். வயது நிறையாதவர்களுக்காக 'கேவல் கிளப்' என்ற ஏற்பாடு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. பள்ளியில் யாராவது ஆர்வமாக எடுத்துச் செய்தால் நடக்கும்.

"நான் உசிலம்பட்டி. ஞாயித்துக்கிழமை மதுரைக்கு வந்து போக முடியலை. எங்க ஊர்லயே ஆரம்பிக்க முடியுமா?"

முறைப்படி டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றமாகப் பதிவு செய்ய 20 பேர் வேண்டும், மேலே சொன்ன சந்தாவும் வேண்டும். அதற்கு அவசரப்பட வேண்டாம். எட்டுப் பேர் போதும். பதிவில்லாத மன்றம் என்பதால் அந்தப் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், வேறு பெயர் வையுங்கள்.

நூலகத்தில், பள்ளியில், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் இடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம். இரண்டு உரை, நாலு திடீர்ப் பேச்சு, இரண்டு மதிப்பீடு. நேரம் பார்க்கப் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கலர்த்தாள் ஒட்டினால் ஆயிற்று. எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும். வேலை இல்லாதவர் மூன்றாவது தடவை வர மாட்டார். தொடங்கியவரே ஒவ்வொரு தடவையும் நடத்தாமல், இரண்டாவது கூட்டத்திலேயே நடத்தும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள்.

தேதி முடிவானால் சொல்லுங்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நேரே அங்கேதான். ஒரு ஞாயிறு நானும் வருகிறேன். உரை எல்லாம் வேண்டாம், டைமர் வேலையை எனக்குக் கொடுங்கள்.